முந்தி வந்தவர்

அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரம். உள்ளே ஏழு கசெற்றுகள், ஒரு பென்சில், அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. தெஹிவளையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. உப்புக்காற்று எதையும் சும்மா விடாது. கதவுப் பிணைச்சல் துருப்பிடிக்கும், புத்தகத்தில் பூஞ்சணம் பூக்கும், வெள்ளிச் செம்பு கறுக்கும். கசெற்றுகளில் ஆறின் எழுத்து வெளுத்துப் போய்விட்டது. ஏழாவதில் மட்டும் நீல மை நிற்கிறது. என் கையெழுத்துத்தான். ‘டொக்டர், மார்கழி 87.’

பென்சில் எதற்கென்று யோசிப்பதற்கு முன்பே கை அதைக் கசெற்றின் பல்சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றத் தொடங்கிவிட்டது. தளர்ந்து கிடந்த நாடா மெல்ல இறுகியது.

ரேப் ரெக்கோடர் கட்டிலுக்கடியில் இருந்தது. அதன் உள்ளே ஓடும் இறப்பர் பட்டி உருகித் தார் போல ஒட்டியிருந்தது. வெள்ளவத்தையில் இன்னும் இதெல்லாம் திருத்துகிற ஒருவர் இருக்கிறார். பட்டி கிடைக்க ஒரு மாதமாகும் என்றார். ஆகட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தேன். இந்த ஒரு மாதத்தில் மனதில் வருவதை எழுதி வைக்கிறேன்.

*

டொக்டர் ஹூ என்பது பி.பி.சி.யின் அறிவியல் புனைகதைத் தொடர். முதல் அங்கம் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை ஒளிபரப்பானது. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்காவில் கென்னடியைச் சுட்டார்கள். அந்தப் பதற்றத்தில் பலர் பார்க்கவில்லை என்று அடுத்த சனிக்கிழமை, இரண்டாவது அங்கத்துக்கு முன்னால், முதலாவதைத் திரும்பவும் போட்டார்கள். பெயர் சொல்லாத ஒரு மனிதர். மனிதர் போலத் தோன்றும் வேற்றுலகத்தவர். வெளியே பார்த்தால் நீலநிறப் பொலிஸ் தொலைபேசிக் கூண்டு, உள்ளே போனால் மாளிகை போல விரிகிற ஒரு கலம். அதில் ஏறிக் காலத்திலும் வெளியிலும் அலைகிறார். ஊரற்றவர்.

முதல் டொக்டராக நடித்தவர் வில்லியம் ஹாட்னல். 1966இல் அவருடைய உடல்நிலை தளர்ந்தது. தொடரை நிறுத்தாமல், தயாரித்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். டொக்டர் விழுகிறார், முகத்தில் ஒளி பரவுகிறது, எழும்பும்போது வேறொரு ஆள். பற்றிக் டிரவுட்டன். ஞாபகங்கள் அதே, பெயர் அதே. முகம், குரல், நடை எல்லாம் வேறு.

அன்றிலிருந்து அந்தத் தொடரை நேசிக்கிறவர்களுக்கு இது ஒரு விதியாகிவிட்டது. சில வருடங்களுக்கொருமுறை ஒருவரை இழக்க வேண்டும். அடுத்த நிமிடமே முன்பின் தெரியாத ஒருவரை, அவர்தான் இவர் என்று வீட்டுக்குள் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. இவர் சரியில்லை, இவருடைய உடுப்புச் சரியில்லை, பழையவர் போல வராது. பிறகு இரண்டு வருடம் கழித்து இவரும் போகும்போது அதே ஆட்கள் அழுகிறார்கள்.

இதைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

*

தம்பி லண்டனுக்குப் போனது 1984இல். அவனுக்குப் பதினேழு வயது. அதற்கு முந்தின ஆடிக் கலவரத்தின்போது நாங்கள் மூவரும் இரத்மலானை விமான நிலையத்தில், அகதி முகாமாக்கப்பட்ட கட்டிடத்துக்குள் சீமெந்துத் தரையில் இருந்தோம். அம்மாவும் நானும் பிறகு தெஹிவளைக்கே திரும்பி வந்தோம். வீட்டில் கூரையும் சுவரும் இருந்தன. ரீவி போய்விட்டது, தையல் மெஷின் போய்விட்டது, முன்னறையில் வாடகைக்கு இருந்த கணக்கப்பிள்ளை ஐயாவும் இல்லை. அவரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

லண்டனில் தம்பி இருந்த அறையில் ஆறு பேர். பகலில் ஒருவன் தூங்கிய கட்டிலில் இரவில் இன்னொருவன். பொதுவாக ஒரு ரீவி. ஆங்கிலம் பிடிபடுவதற்காகச் சனிக்கிழமை பின்னேரங்களில் டொக்டர் ஹூ பார்க்கத் தொடங்கினான். முதலில் ஒன்றும் விளங்கவில்லையாம். பிறகு ஒருநாள் விளங்கியது என்று எழுதினான். ‘அக்கா, இவருக்கு ஊர் இல்லை. பெட்டிக்குள்ள தான் வீடு. ஆனால் போற இடமெல்லாம் ஆரோ ஒராள் தேத்தண்ணி குடுக்குது.’

1985 பெப்ரவரியில் பி.பி.சி. ஒரு முடிவு சொன்னது. அடுத்த பருவத்தை ஒத்திப்போடுகிறோம், பதினெட்டு மாதத்துக்குத் தொடர் இல்லை என்று. லண்டன் பத்திரிகைகளில் அது பெரிய செய்தியானது. ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் கத்தினார்கள். நடிகர்களும் பாடகர்களும் கூடி ஒரு எதிர்ப்புப் பாட்டையே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். இதையெல்லாம் தம்பி ஏரோகிராமின் மூன்று பக்கமும் நிரப்பி எழுதியிருந்தான். வீட்டுக்கு எப்போது காசு அனுப்புவான், விசா விஷயம் என்னவாயிற்று என்பதெல்லாம் மடிப்புக்குள் இரண்டு வரியில் இருந்தது.

அம்மாவுக்கு நான் அதை வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார், ‘ஒரு நாடகத்தை நிப்பாட்டினதுக்கு இவ்வளவு சனம் கேள்வி கேக்குதோ. நல்ல ஊர் தான்.’ அதில் ஏளனம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு நடந்ததை நேரில் பார்த்தவர் அவர். கேள்வி கேட்கிற சனம் இருக்கிற ஊரில் மகன் இருக்கிறான் என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது.

*

1986 முடிவில் லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் முதல் வீடியோ கசெற் வந்து சேர்ந்தது. தம்பி ரீவியிலிருந்து பதிந்தது. பிரித்தானியாவுக்கும் எங்களுக்கும் நல்லவேளையாக ஒரே ‘பால்’ ஒளிபரப்பு முறை. அதனால் இங்கேயும் ஓடும். ஓடுவதற்குத்தான் டெக் இல்லை. அந்நாளில் டெக்கை இரவு வாடகைக்குத் தருவார்கள். வீடியோக் கடைப் பொடியன் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்து பூட்டித் தருவான். காலை எட்டு மணிக்கு வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவான்.

ஒரே இரவு. மூன்று மணி நேரக் கசெற். அதற்குள் பார்த்து முடித்தால்தான் உண்டு. அதனால் ரீவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ரேப் ரெக்கோடரை வைத்து, சத்தத்தை மட்டும் பதிந்துகொள்வேன். பிறகு மாதக்கணக்கில் மின்வெட்டிலும் மழையிலும் பற்றரி போட்டுக் கேட்பேன். படத்தை மனம் போட்டுக்கொள்ளும்.

எங்கள் ரீவி, 83இல் போனதற்குப் பதிலாக வாங்கிய கறுப்பு வெள்ளைச் சிறு பெட்டி. அந்நாளில் டொக்டராக நடித்தவர் கொலின் பேக்கர். பருமனான, உரத்த குரலுள்ள மனிதர். அவருக்குக் கொடுத்திருந்த கோட்டைப் பற்றித் தம்பி கடிதம் கடிதமாக எழுதுவான். மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் ஒட்டுப்போட்ட கோட்டாம். இங்கிலாந்து முழுக்க அதைத் திட்டுகிறதாம். எங்களுக்கோ அது சாம்பல், இன்னும் கொஞ்சம் சாம்பல், வெள்ளை. கோட்டின் குறை எங்களை எட்டவே இல்லை. ரசிகர்கள் வெறுத்த ஒரு டொக்டரை நாங்கள் எந்தத் தடையும் இல்லாமல் நேசித்தோம். பல வருடம் கழித்துத் தம்பி மகளின் கணினியில் முதன்முறை அந்தக் கோட்டை நிறத்தோடு பார்த்தபோது எனக்கு நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது. அது என் டொக்டரின் கோட் அல்ல.

*

பதிந்து வைத்தது நான் மட்டுமல்ல என்று மிகப் பிந்தித்தான் தெரிந்தது.

அறுபதுகளில் பி.பி.சி. தன் ஒளிநாடாக்களை அழித்துத் திரும்பப் பாவித்தது. வெளிநாட்டுக்கு விற்கவென எடுத்த படச்சுருள்களையும், விற்பனைக் காலம் முடிந்ததும் எறிந்தது. ஒருமுறை ஒளிபரப்பானது திரும்ப வேண்டியிருக்கும் என்று எழுபதுகளின் இறுதி வரை யாரும் நினைக்கவில்லை. இப்படி டொக்டர் ஹூவின் முதல் ஆறு வருட அங்கங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இல்லாமல் போயின. ஹாட்னல் விழுந்து டிரவுட்டனாக எழும்பிய அந்த அங்கமும் போய்விட்டது. முகம் மாறுகிற அந்தச் சில நொடிகள், வேறொரு நிகழ்ச்சிக்காக வெட்டி எடுக்கப்பட்டதால் மட்டுமே தப்பின.

ஆனால் தொலைந்த ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒலி இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை. காரணம், இங்கிலாந்தில் அங்குமிங்குமாகச் சில பிள்ளைகள், சனிக்கிழமை பின்னேரங்களில், வீட்டு ரீவிக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிரஹாம் ஸ்ட்ரோங் என்ற ஒருவர் ரீவியின் ஒலிபெருக்கியிலேயே கம்பி கொடுத்துப் பதிந்தார். அவருடைய நாடாக்கள்தான் மிகத் தெளிவானவை. ஒருவருக்கொருவர் தெரியாத அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, பெட்டிகளைத் திறந்தபோது பி.பி.சி.யிடம் இல்லாதது இவர்களிடம் இருந்தது.

அதைத் தம்பி தொலைபேசியில் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, கதிரையை அசைக்காமல், அம்மாவைச் சைகையால் பேசாதே என்று தடுத்துக்கொண்டு இருந்த அந்த இரவுகள் ஞாபகம் வந்தன. அதற்கும் இருபது வருடம் முன்னால், குளிர் தேசத்து வீடொன்றில், யாரோ ஒரு பையன் தன் தாய்க்கு அதே சைகையைக் காட்டியிருப்பான்.

2013 ஒக்டோபரில் இன்னொரு செய்தி. நைஜீரியாவில் ஜொஸ் என்ற நகரத்துத் தொலைக்காட்சி நிலையமொன்றில், தொலைந்துபோன ஒன்பது அங்கங்கள் படச்சுருளாகக் கிடைத்தன. ஒரு காலத்தில் பி.பி.சி. வாடகைக்கு அனுப்பியவை, திரும்பிப் போகாமல் அலுமாரியில் இருந்திருக்கின்றன. தம்பி குழந்தை போலக் கத்தினான். ‘இலங்கையிலயும் எங்கையாவது கிடக்குமோ அக்கா?’ கிடக்காது. அந்தச் சுருள்கள் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் எங்கள் நாட்டில் தொலைக்காட்சியே இல்லை. ஐ.ரி.என். தொடங்கியது 1979 ஏப்ரலில், ரூபவாஹினி 1982இல்.

*

இல்லை, அதற்கு முன்பும் ஒரே ஒரு ரீவி இருந்தது. ஆதர் சி. கிளார்க் வீட்டில்.

1975இல் இந்தியா, அமெரிக்கச் செய்மதி ஒன்றின் உதவியோடு ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பிப் பார்த்தது. பூமியோடு சேர்ந்து சுற்றுகிற செய்மதிகளால் உலகமெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் கிளார்க். அந்த நன்றிக்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்புக்கு வந்து, அவர் வீட்டில் ஒரு பெரிய கிண்ண அன்ரெனாவைப் பூட்டிக் கொடுத்தார்கள். நாடு முழுக்க இருளாக இருக்க, ஒரு வீட்டில் மட்டும் வானத்திலிருந்து படம் இறங்கியது. அது நடந்தது எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, ஒன்றும் தெரியாது.

ஸ்டார் ட்ரெக் என்ற இன்னொரு தொடர் அவரோடு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் 1966இல் தொடங்கி, இரண்டாவது பருவத்தோடு நின்றுவிடும் நிலைக்கு வந்தது. பீஜோ டிரிம்பிள், ஜோன் டிரிம்பிள் என்ற தம்பதியர் முன்னின்று ரசிகர்களைக் கடிதம் எழுதவைத்தார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதம் போனது. 1968 மார்ச் 1ஆம் திகதி, ஒரு அங்கம் முடிந்த கையோடு, தொடர் நிற்காது, எழுதியது போதும் என்கிற மாதிரி, அதை ஒளிபரப்பிய என்.பி.சி. திரையிலேயே அறிவித்தது. இன்னும் ஒரு பருவம் கிடைத்தது. மொத்தம் 79 அங்கங்களோடு 1969இல் நின்றது. அதை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி, கிளார்க் தந்த ஊக்கம்தான் தன்னைத் தாங்கியது என்று பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

2008 மார்ச்சில் கிளார்க் காலமானார். பொரளை கனத்தையில் அடக்கம். எந்த மதக் கிரியையும் வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தார். நான் போயிருந்தேன். பஸ்ஸில் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. துக்கம் விசாரிக்க எனக்கு யாரும் இல்லை, என்னிடம் விசாரிக்கவும் யாரும் இல்லை. ரசிகரின் துக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். சொந்தமில்லாத வீட்டுச் செத்தவீடு.

*

1989 டிசம்பர் 6. டொக்டர் ஹூவின் அன்றைய அங்கம்தான் கடைசி என்று பி.பி.சி. யாருக்கும் வாய்திறந்து சொல்லவில்லை. அடுத்த வருடம் வரும் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. கொல்லப்பட்ட தொடரை அழலாம், காத்திருக்கச் சொல்லிவிட்டு மறந்துபோன தொடரை என்ன செய்வது?

அந்த அங்கத்தின் முடிவில் டொக்டர் தன் தோழியோடு நடந்து போகிறார். அவருடைய குரல் மட்டும் கேட்கிறது. எங்கெங்கோ உள்ள விசித்திர உலகங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, எங்கோ தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்கிறார். முடிந்துவிடக்கூடும் என்ற பயத்தில், படப்பிடிப்பெல்லாம் முடிந்த பிறகு நவம்பர் 23ஆம் திகதி, தொடரின் பிறந்தநாளன்று, அந்தக் குரலைத் தனியாகப் பதிந்து சேர்த்தார்களாம்.

அந்தக் கார்த்திகையில் இங்கே தெற்கு முழுக்கக் கிளர்ச்சிக் காலத்துப் பயம். மாலையானால் காலி வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. இரவில் நாய் குரைத்தால் அம்மா விளக்கை அணைப்பார். வீடியோ கசெற் அடுத்த வருடம் சித்திரையில்தான் வந்தது. தேநீர் ஆறுகிறது என்ற வசனம் வந்தபோது அம்மாவின் கையில் தேத்தண்ணி இருந்தது. ‘ஆர்ர தேத்தண்ணி?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அம்மா 1996இல் போனார். தம்பிக்கு அப்போதும் பத்திரங்கள் சரியாகவில்லை. வர முடியவில்லை. தொலைபேசியை நெஞ்சருகே பிடித்து, ஐயர் சொன்ன மந்திரத்தை அவனுக்குக் கேட்கவைத்தேன்.

தொடர் திரும்பி வந்தது 2005 மார்ச் 26இல். சுனாமி வந்து சரியாக மூன்று மாதம். சுனாமியன்று காலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்ப் பெரலியவில் அலையில் அகப்பட்ட அந்தக் கோச்சியின் சத்தம் என் காதில் இன்னும் இருந்த நாட்கள். தம்பி எடுத்துச் சொன்னான், ‘வந்திட்டார் அக்கா.’ யார் என்று நான் கேட்கவில்லை.

*

ரசிகர்கள் என்ன சாதிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பையனின் கதை இருக்கிறது.

1986 டிசம்பரில் பி.பி.சி.யில் ஓப்பன் எயர் என்றொரு பகல் நிகழ்ச்சி. பார்வையாளர்கள் வந்து நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசலாம். அன்று டொக்டர் ஹூ ரசிகர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், எழுதிய எழுத்தாளர்களின் முகத்துக்கு நேரேயே, கதை சரியில்லை என்று குற்றம் சொன்னான். அவன் பெயர் கிறிஸ் சிப்னல். தம்பி அதைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தான்: ‘என்னை விடச் சின்னப் பொடியன். பயமில்லாமல் கதைக்கிறான்.’ அந்த வரியைப் படித்தபோது எனக்கு வலித்தது. தம்பி பயத்தோடுதான் கதைத்துக்கொண்டிருந்தான், அந்நாளில், எல்லோரோடும்.

2018இல் அந்தத் தொடரின் பொறுப்பு முழுவதும் சிப்னலிடம் வந்தது. முதன்முறையாக ஒரு பெண்ணை, ஜோடி விட்டேக்கரை, டொக்டராக்கினார். அதற்கு எழுந்த கூச்சலை நான் விவரிக்கத் தேவையில்லை. தம்பி முகம் சுளித்தான். அவனுடைய மகள் அழுதாள், சந்தோஷத்தில். ஒரே சோபாவின் இரண்டு மூலைகள். பிறகு 2020 மார்ச்சில் சிப்னல் இன்னொன்று செய்தார். ஹாட்னல் முதல் டொக்டர் அல்ல, அவருக்கு முன்னும் பல பிறவிகள், டொக்டருக்கே ஞாபகம் இல்லாமல் அழிக்கப்பட்டவை, என்று கதையை மாற்றினார். ஐம்பத்தாறு வருடமாக முதலாமவர் என்று எண்ணியவருக்கு முன்னால் ஆட்கள்! ரசிகர்கள் கொதித்தார்கள். முப்பத்துநாலு வருடத்துக்கு முன் அவர் சொன்னதை விடக் கடுமையான வார்த்தைகளை அவருக்குச் சொன்னார்கள். தம்பி இனிப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்தான். அடுத்த பருவத்தின் முதல் அங்கத்துக்கு என்னை விட முன்னால் இருந்தான்.

அவனுடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆரம்பம் எதுவென்று தெரிந்திருப்பதைத்தான் அவன் பிடித்துக்கொண்டிருந்தான்.

*

கணக்கப்பிள்ளை ஐயா.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினார். ஊரில் யாருமில்லை. எங்கள் முன்னறையில் பதினொரு வருடம் இருந்தார். மாதம் முதலாம் திகதி காலை பூசை முடித்து, வாடகையைப் புது நோட்டாக வெற்றிலையில் வைத்து அம்மாவிடம் கொடுப்பார். 83 ஆடியில் அந்தத் திங்கட்கிழமை வேலைக்குப் போனவர். எங்கே, எத்தனை மணிக்கு, யார் முன்னால் என்று ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் இல்லை. திதி தெரியாததால் அம்மா ஆடி அமாவாசையில் விரதமிருந்து அவருக்கும் சேர்த்துப் படைப்பார். இப்போது நான் படைக்கிறேன். எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை அவர்.

2018 மார்கழியில் தம்பியின் மகள், என் மருமகள், வந்திருந்தாள். ‘மாமி, இதை நீங்கள் கட்டாயம் பாக்கோணும்’ என்று மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு மாதத்துக்கு முன், நவம்பர் 11ஆம் திகதி ஒளிபரப்பான அங்கம். வினய் பட்டேல் எழுதியது. பஞ்சாப், 1947 ஆகஸ்ட். டொக்டரோடு பயணம் செய்கிற யாஸ் என்ற பெண், தன் பாட்டியின் இளமைக்குப் போகிறாள். பாட்டி முஸ்லிம். அந்த நாளில் அவள் மணக்கவிருந்தவனோ பிரேம் என்ற இந்து. எல்லைக்கோடு கிழிக்கப்படுகிற நாட்களில் கல்யாணம்.

ஊருக்குள் இரண்டு வேற்றுலகத்தவர் உலாவுகிறார்கள். கொல்ல வந்தவர்கள் என்று டொக்டர் நினைக்கிறார். பார்க்கிற நாங்களும் நினைக்கிறோம், இந்தத் தொடரில் எப்போதும் அப்படித்தானே. ஆனால் அவர்கள் ஒரு காலத்தில்தான் கொலைகாரர்கள். அவர்களுடைய உலகம் அழிந்தபோது பக்கத்தில் யாரும் இருக்கவில்லை, சாட்சி சொல்ல ஒருவருமில்லை. அதிலிருந்து அவர்கள் செய்வது ஒன்றே ஒன்று. தனியாகச் சாகிறவர்கள் எங்கே, எந்தக் காலத்தில் இருந்தாலும், அங்கே போய்ப் பக்கத்தில் நிற்கிறார்கள். பார்த்திருக்கிறார்கள். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

பிரேமைச் சுட வந்த கும்பலில் அவனுடைய சொந்தத் தம்பியும் இருக்கிறான். டொக்டரால் தடுக்க முடியாது. தடுத்தால் யாஸ் பிறக்கவே மாட்டாள். டொக்டரும் யாஸும் மற்றவர்களும் முதுகைக் காட்டி நடந்து வருகிறார்கள். வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

மருமகள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் பெயர்கள் ஓடும்போது வழக்கமான இசைக்குப் பதிலாக எங்கள் பக்கத்துக் குரல் ஒன்று அதே மெட்டை இழுத்துப் பாடியது. வெளியே பாணந்துறைக் கோச்சி போனது. நான் எழும்பி முன்னறைக்குப் போனேன். அங்கே இப்போது பழைய பேப்பரும் தையல் மெஷினும்தான் இருக்கின்றன. அந்தத் திங்கட்கிழமை அவருக்குப் பக்கத்தில் யாராவது நின்றிருப்பார்களோ என்று யோசித்தேன். கற்பனைக் கதைதான். வேற்றுலகத்தவர் என்று யாருமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முப்பத்தைந்து வருடத்தில் முதன்முறையாக அவரை அந்த இடத்தில் தனியாக இல்லாமல் நினைக்க முடிந்தது.

அங்கத்தைப் பற்றி ரசிகர்கள் சிலர் குறைப்பட்டதாக மருமகள் சொன்னாள். டொக்டர் ஒன்றுமே செய்யவில்லையாம், வேற்றுலகத்தவர் கதைக்குத் தேவையே இல்லையாம். தம்பி வழக்கமாக அரை மணி நேரம் குறை சொல்வான். அன்று இரவு எடுத்தவன் ஒன்றும் சொல்லவில்லை. ‘ஐயாவின்ர பேர் என்ன அக்கா, முழுப்பேர்?’ என்று மட்டும் கேட்டான். சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

*

பட்டி வந்துவிட்டது என்று வெள்ளவத்தையிலிருந்து அழைத்தார்கள். அதே கிழமை தம்பியும் வந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறான். தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, சுகமில்லாமல் இருந்து எழும்பியவனாக வந்தான். கட்டுநாயக்காவில் ஒரு கணம் நான் அவனைத் தாண்டிப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ரெக்கோடரை மேசையில் வைத்தோம். தலையைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்துக் கொடுத்திருந்தார்கள். கசெற்றைப் போட்டு விசையை அமுக்கினேன். முதலில் இரைச்சல், மழை மாதிரி. பிறகு அந்த இசை. 1963இல் டீலியா டார்பிஷர் என்ற பெண், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே நாடாவில் செய்து, வெட்டி, அளந்து, ஒட்டிக் கட்டிய ஒலிவடிவம். எத்தனையோ முறை மாற்றி அமைத்தும் அடிநாதம் அவருடையது.

1987இன் அங்கம். கொலின் பேக்கரை பி.பி.சி. விலக்கிவிட்டது. முதற்காட்சியிலேயே டொக்டர் விழுந்து, சில்வெஸ்டர் மக்கோயாக எழும்புகிறார். சின்ன உருவம். பழையவரின் பெரிய கோட் அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கும். அதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். அவனுக்குத் தெரியாததா? தலையாட்டினான்.

நாடாவில் யாரோ ஆங்கிலத்தில் கத்துகிறார்கள். கோச்சி ஒன்று வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகிறது. பிறகு மிகக் கிட்டத்தில், ரெக்கோடருக்குப் பக்கத்திலேயே, கதிரை இழுபடும் சத்தம்.

‘ஆர் உவர்? முந்தி வந்தவர் எங்கை?’

தம்பியின் கை மேசையில் அப்படியே நின்றது.

‘ஷ்ஷ்… அவர்தான் அம்மா இவர்.’ என் குரல். இருபத்தைந்து வயதுக் குரல்.

நாடாவில் கொஞ்ச நேரம் டொக்டர் பேசுகிறார். அம்மா பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

‘ஓம் ஓம். நல்லா மெலிஞ்சு போனார் என்ன.’

தம்பி விசையை நிறுத்தினான். நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, திரும்பவும் போட்டான்.